நல்ல இன விதை குடுத்தாலும் சனம் ஒரு போகத்தோடை விடுகுது, ஏன்?

கேள்வி: 2023 ஓகஸ்ட் 11

நான் யாழ்ப்பாணத்திலை வலிகாமம் கிழக்கிலை ஒரு திட்டத்திலை வெளிக்கள வேலை செய்யிறன். மேட்டுநிலப் பயிருக்கு நல்ல இன விதை குடுக்கிறம். பயறு, உழுந்து, கௌப்பி, குரக்கன். முதல் போகம் போடுகினம், விளைச்சலும் பரவாயில்லை. அடுத்த போகம் போய்ப் பாத்தால் பழையபடி கடையிலை வாங்கின விதை, இல்லாட்டித் தரிசு. வன்னியிலையும் இதே கதை எண்டு கூட வேலை செய்யிறவை சொல்லுகினம். எங்கட கமக்காரர் மாறமாட்டினம், பழமையிலை ஊறின சனம் எண்டுதான் எனக்குப் படுகுது. ஆருக்கும் வேறை அனுபவம் இருக்கோ?

2023 ஓகஸ்ட் 11, இரவு

பழமையிலை ஊறின சனமோ? தம்பி, நீர் விடியக்காலமை சுன்னாகம் சந்தைக்குப் போய் அங்கை இறங்கிற சாமானை ஒருக்கால் பாரும். கோவா எல்லாம் ஹைபிரிட், அதாவது இரண்டு இனத்தைக் கலந்து எடுத்த கலப்பின விதை. பப்பாசி ரெட் லேடி. முந்திரிகைப் பந்தலிலை தொங்கிறது இஸ்ரேல் புளூ. 1958 இலை வெளிவந்த எச்.4 நெல்லை எங்கட அப்புமார் ஒரு வயல் விழாவும் இல்லாமல்தான் எடுத்தவை. எழுபதுகளிலை எம்.ஐ. 2 மிளகாய்க்கு எவ்வளவு அடிபாடு எண்டு உங்கட வீட்டிலை வயது போனவையைக் கேட்டுப் பாரும். இந்தச் சனத்துக்குப் புதுசு பிடிக்காதெண்டால் நான் நம்பமாட்டன்.

கோவா விதையைப் போகத்துக்குப் போகம் காசு குடுத்து வாங்கிற அதே மனிசன், சும்மா குடுத்த பயத்தம் விதையை ஏன் கைவிட்டவர்? முதல் போகம் விளைஞ்சதெண்டு நீரே சொல்லுறீர். அதிலை விதைக்கெண்டு எடுத்து வைச்சது எங்கை போச்சு? அதைக் கேட்டனீரோ?

2023 ஓகஸ்ட் 13

தம்பி கேட்டிட்டு வந்து எழுதியிருக்கிறார். சில பேர் வண்டடிச்சுப் போச்சு எண்டவையாம். மிச்சப் பேர் அறுவடை முடிஞ்ச கையோடை முழுதையும் வித்திட்டம் எண்டவையாம். அப்ப இதிலை பழமை எங்கை வந்தது? வண்டும் கடனும்தான் வந்திருக்கு.

கொஞ்சம் நீட்டி எழுதுறன், பொறுமையாய் வாசியுங்கோ.

பயறு, உழுந்து, கௌப்பி, கச்சான் எல்லாம் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒருக்கால் நல்ல விதை கையுக்கு வந்தால் மூண்டு நாலு போகத்துக்கு அதிலையே விதை எடுக்கலாம், இனம் பெரிசாய்க் கெடாது. கமக்காரனுக்கு இது நல்லது, விதை விக்கிறவனுக்கு நட்டம். ஒருக்கால் வாங்கினவன் திரும்ப வராத வியாபாரத்தை எந்தக் கொம்பனி செய்யும்? அதாலைதான் விதைக்கடை வழிய கோவா விதை ரின் ரின்னாய் அடுக்கியிருக்கும், பயத்தம் விதை கேட்டால் முழுசுவினம்.

பெருக்கத்திலையும் ஒரு சிக்கல் கிடக்கு. குரக்கன் நாத்து நட்டால் ஏக்கருக்கு இரண்டு கிலோ விதை கூட வேண்டாம், அதிலை வாற விளைச்சலை விதையாக்கினால் ஒரு ஊருக்கே காணும். பயறெண்டால் ஏக்கருக்கு 12 கிலோ மட்டிலை வேணும். கச்சானுக்கு 40 கிலோ மட்டிலை போகும், லங்கா ஜம்போ மாதிரிப் பெரிய பருப்பு எண்டால் இன்னும் கூட. விதை பாரம், விலை கூட, கெதியாய்ப் பழுதாகும். மகா இலுப்பள்ளமவிலையும் அங்குனகொலபெலசவிலையும் இருக்கிற விவசாய ஆராய்ச்சி நிலையங்கள்தான் இனத்தைக் கண்டுபிடிச்சு வெளியிடுறவை. அதுக்குப் பிறகு விருத்தியாளர் விதை, அத்திவார விதை, பதிவு விதை, அத்தாட்சி விதை எண்டு படிப்படியாய்ப் பெருக்கி எங்கட ஊர்க் கமநல சேவை நிலையத்துக்கு வந்து சேரேக்கை அது பக்கற் கணக்கிலைதான் நிக்கும்.

ஆனபடியால் பருப்பு வகைக்கு விதை வியாபாரி வேறை ஆருமில்லை, ஊர்தான். ஊரிலை விதை நிண்டால் இனம் நிக்கும்.

2023 ஓகஸ்ட் 14

ஒருத்தர் இடையிலை எழுதியிருக்கிறார், "விவசாயத் திணைக்களம் குடுக்கிற விதை எல்லாம் மலட்டு விதை, அடுத்த போகம் முளைக்காது" எண்டு. ஐயா, தயவுசெய்து இதைப் பரப்பாதையுங்கோ. எம்.ஐ. 6 பயறும் வருணி கௌப்பியும் அனுராத உழுந்தும் ஹைபிரிட் இல்லை. எடுத்து வைக்கலாம், முளைக்கும், அதே இனமாய் வரும். சோளத்திலை ஹைபிரிட் எண்டால் கதை வேறை. அதின்ரை விதையைத் திருப்பிப் போட்டால் முளைக்கும், ஆனால் ஒரு கண்டு நெட்டை, ஒரு கண்டு கட்டை, பொத்தி ஒரு அளவிலை வராது. பக்கத்துத் தோட்டத்துச் சோளப் பூந்தாதும் காத்திலை வந்து கலக்கும். சோளத்துக்குச் சொல்லுறதைப் பயறுக்குச் சொல்லக்குடாது.

2023 ஓகஸ்ட் 20

நட்டம் வந்திடும் எண்ட பயத்தைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. நான் எழுதுறன்.

புத்தூர்ப் பக்கம் ஒருத்தருக்கு எட்டுப் பரப்புத் தோட்டம் எண்டு வையுங்கோ. அரை ஏக்கர். அதிலை பாதி குத்தகைக் காணி. வெங்காயம் வைக்க மனிசின்ரை சங்கிலி அடகிலை கிடக்கு. அவரிட்டைப் போய் "அண்ணை, இந்தப் புது இனத்தை முழுக்கப் போடுங்கோ, இருபது வீதம் கூட விளையும்" எண்டால் அவர் என்ன யோசிப்பார்? கூட விளையிற இருபது வீதத்தை அவர் யோசிக்கமாட்டார். பிழைச்சால் சங்கிலி போயிடும், அதைத்தான் யோசிப்பார். நானெண்டாலும் அப்பிடித்தான்.

குத்தகைக் காணி எண்டால் இன்னொரு விசயமும் இருக்கு. அடுத்த போகம் அந்தக் காணி கையிலை இருக்குமோ தெரியாதவர் விதை எடுத்து வைச்சு என்ன செய்யிறது? வித்திட்டுப் போவார்.

அரைப் பரப்புக்குக் காணக்கூடிய விதை குடுத்தால் ஆரும் போட்டுப் பாப்பினம். வரம்போரம், வாழைக்கு இடையிலை, கிணத்தடி மூலை, எங்கையாவது. பிழைச்சால் ஒரு கறிக்குரிய பயறு போச்சு, அவ்வளவுதான். கால் ஏக்கர் விதையைத் தூக்கிக் குடுத்தால் அதை நிவாரணமாய்த்தான் பாப்பினம். நிவாரணத்தை ஆர் விதைக்கு எடுத்து வைச்சது? 2010 இலை மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வன்னியிலை நான் கண்டது, குடுத்த உழுந்து விதையிலை ஒரு பங்கு அடுத்த நாளே தோசைக்கு ஊறினது. பிழையெண்டு சொல்லமாட்டன். பசி.

2023 ஓகஸ்ட் 21

நேத்து எழுத மறந்தது, விதை வாற நேரம். மழை ஐப்பசியிலை துவங்கும். விதை கார்த்திகை பாதியிலை லொறியிலை வரும். பேந்து பிரமுகர் வரவேணும், படம் எடுக்கவேணும், மாலை போடவேணும். எங்கட கந்தோரிலை ஒருமுறை பிரமுகருக்கு நேரமில்லையெண்டு விதை ஸ்ரோரிலை கிடந்தது, வெளியிலை மழை கொட்டிக்கொண்டு நிண்டது. பிந்திப் போட்ட உழுந்து பிந்தித்தான் பழுக்கும், தை மாதத்துப் பிந்தின மழையிலை நெத்து செடியிலையே முளைக்கும். "புது இனம் சரியில்லை" எண்டு ஊர் முடிவெடுக்கும். இனத்துக்கு வாய் இருந்தால் அழுதிருக்கும்.

2023 ஓகஸ்ட் 27

உழுந்து விலையைப் பற்றிக் கேட்ட அக்காவுக்கு. ஓம், 2020 இலை இறக்குமதியை மறிச்சபோது உழுந்து கிலோ ஆயிரத்தைத் தாண்டிப் பறந்தது. வடையிலை ஓட்டை பெருத்துக்கொண்டு போச்சு, கடைசியிலை ஓட்டையைச் சுத்தி வடை எண்ட நிலைமை. கோயிலிலை வடைமாலை சாத்துறவை "சுவாமி கோவிக்கமாட்டார்" எண்டு எண்ணிக்கையைக் குறைச்சவை.

ஆனால் கவனியுங்கோ. அந்த நேரம் ஒரு பயிற்சி வகுப்பும் நடக்கேல்லை, வயல் விழா நடக்கேல்லை, கொரோனா. அப்பவும் வவுனியாவிலையும் முல்லைத்தீவிலையும் சனம் உழுந்து விதை தேடி அலைஞ்சது. 1970க்கும் 77க்கும் இடையிலை யாழ்ப்பாணத்திலை மிளகாயும் வெங்காயமும் எழும்பினதும் இதே மாதிரித்தான், இறக்குமதி மறிச்சதாலை. 77 இலை கதவைத் திறந்துவிட அது விழுந்ததும் தெரியும். விலை இருந்தால் போதனை தேவையில்லை. விலை இல்லாட்டிப் போதனை எடுபடாது.

2023 செப்ரெம்பர் 3

மேலை விலைதான் எல்லாம் எண்ட மாதிரி எழுதிப்போட்டன். பிறகு யோசிச்சுப் பாத்தால் அது பாதிக் கதை. விலை ஏறினால் சனம் உழுந்து போடும், சரி. நல்ல இன உழுந்து போடுமோ? இல்லை. கையிலை கிடைச்சதைப் போடும். அந்த வருசம் பலசரக்குக் கடையிலை கிடந்த பழைய உழுந்தைக் கொண்டுபோய் விதைச்சவை எத்தினை பேர். ஒரு பாத்தியிலை நாலு வகை, ஒண்டு பழுக்க மற்றது பூக்குது. பிடுங்கிறதோ விடுறதோ தெரியாமல் நிண்டவை. ஆகவே விலை ஏறேக்கை ஊருக்குள்ளை நல்ல விதை ஏற்கெனவே இருந்திருக்கவேணும். விலை ஏறின பிறகு லொறியிலை கொண்டுவந்து பிரயோசனமில்லை.

வண்டுக்கு வாறன். தம்பி, விதையை எப்பிடிப் பாக்கிறதெண்டு உமக்கு ஆரும் காட்டியிருக்கினமோ தெரியாது. ஒரு கைப்பிடி பயறை எடுத்து வெயிலிலை பிடிச்சுப் பாரும். சில விதையிலை ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி ஒட்டிக் கிடக்கும். நகத்தாலை சுரண்டினால் கழண்டு வரும். அது முட்டை. புழு அதுக்குள்ளையிருந்து நேரே விதைக்குள்ளை இறங்கும், வெளியிலை ஒண்டும் தெரியாது. மூண்டு நாலு கிழமையாலை வட்டமாய் ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாய் வெளிக்கிடும். வெளிக்கிட்டவுடனை அடுத்த முட்டை. மாசியிலை அறுத்த பயறு ஐப்பசிக்கு மாவாய்த்தான் நிக்கும். இந்த முட்டை சாக்கிலை வந்து ஏறினதெண்டு நினைக்காதையுங்கோ, தோட்டத்திலை நெத்திலையே வைச்சிருக்கும்.

செய்யவேண்டியது வலு சிம்பிள். வடிவாய்க் காயவிடவேணும், பல்லிலை வைச்சுக் கடிச்சால் நசியாமல் டக்கெண்டு உடையவேணும். ஆறவிட்டு, காத்துப் புகாத போத்தலிலை கழுத்துமட்டும் நிரப்பி இறுக்கி மூடவேணும். பெரிய தண்ணிப் போத்தல், சோடாப் போத்தல் எல்லாம் நல்லது. உள்ளுக்கை இருக்கிற காத்து முடிய வண்டு செத்துப்போகும். அரைப் போத்தல் நிரப்பி வைச்சால் மிச்ச அரையிலை காத்திருக்கு, வண்டு சந்தோசமாய்க் குடும்பம் நடத்தும். போத்தல் இல்லாட்டிக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயோ வேப்பெண்ணெயோ விட்டுப் பிசறி வைக்கலாம். அரிச்ச சாம்பலும் சரி.

பயிற்சி வகுப்புக்கு வாறது ஆம்பிளையள். விதையைக் காயவைச்சு, புடைச்சு, போத்தலிலை போட்டு, அடுப்படித் தட்டிலை வைக்கிறது பொம்பிளையள். நாங்கள் ஆம்பிளையளுக்கு மத்தியானச் சாப்பாடும் குடுத்து விதை சேமிப்புப் படிப்பிச்சு அனுப்பினம். வீட்டை போய் ஒருத்தரும் வாய் திறந்திருக்கமாட்டினம்.

2023 செப்ரெம்பர் 4

"முளைதிறன் எப்பிடிப் பாக்கிறது?" நூறு விதை எண்ணி, நனைச்ச சாக்குத் துண்டிலை வரிசையாய் வைச்சுச் சுருட்டி, நிழலிலை வையுங்கோ. காயவிடக்குடாது. நாலைஞ்சு நாளையாலை விரிச்சு எண்ணுங்கோ. எண்பதுக்கு மேலை எண்டால் பயமில்லாமல் போடலாம். அறுபது எண்டால் விதையைக் கூட்டிப் போடுங்கோ. முப்பது எண்டால் பயத்தம் பணியாரம் சுடுங்கோ.

2023 செப்ரெம்பர் 10

பழைய ஊர் விதைதான் நல்லது எண்டு நாட்டு விதைக் கட்சி வந்திட்டுது. எதிர்பார்த்ததுதான்.

எனக்கு நாட்டு விதையோடை கோபமில்லை. மொட்டைக்கறுப்பன் சோறு எங்கட வீட்டிலை இண்டைக்கும் நடக்குது. 1995 ஒக்ரோபர் 30 இலை சண்டையாலை வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது அம்மம்மா கொண்டுவந்தது ஒரு துணிப்பையும் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலும். போத்தலிலை பயத்தம் விதை. மழைக்காலம், விதைப்பு நேரம், வீடுகளிலை கிடந்த மிச்ச விதை எல்லாம் அங்கையே போச்சு. கொடிகாமத்திலை ஒரு வீட்டுக் கோடியிலை அதைப் போட்டு அடுத்த வருசம் விதை எடுத்தவ.

ஆனால் அந்தப் பயறு எப்பிடி எண்டும் சொல்லவேணும். கொடி மாதிரி ஓடும், நெத்து ஒண்டொண்டாய்ப் பழுக்கும், ஒரு மாதமாய் முறிச்சுக்கொண்டே இருக்கவேணும். சிறுபோகத்திலை போட்டால் இலை முழுக்க மஞ்சளடிச்சு ஒண்டும் மிஞ்சாது. எம்.ஐ. 6 அறுபது அறுபத்தைஞ்சு நாளிலை முடியும். வயல் வெட்டின ஈரத்திலை மாசியிலை போட்டு, சிறுபோகத்துக்கு முன்னம் எடுக்கிற இடைப்போகப் பயறு எண்டால் அந்த நாள் கணக்குத்தான் முக்கியம். முறிக்க வாற பொம்பிளையளின்ரை கூலியை யோசிச்சால், கிட்டத்தட்ட ஒரே நேரம் பழுக்கிற இனம்தான் கையைக் கடிக்காது. அம்மம்மாவே பிறகு திணைக்கள இனத்துக்கு மாறினவ. அவவுக்கு விதை மேலை பாசம் இருந்தது, ஆனால் முட்டாள் இல்லை.

அதே நேரம், பழையதை முழுக்க அழிச்சுப்போட்டுப் புதுசு போடு எண்டு ஒரு அதிகாரி சொன்னால் அவரையும் நான் கேக்கமாட்டன். ஒரு போத்தல் அடுப்படியிலை கிடக்கட்டும். இடமா பிடிக்குது?

2023 செப்ரெம்பர் 12

மஞ்சள் சித்திர நோய் விதையாலை வாறதோ எண்டு கேட்டவருக்கு: அது வெண்ணீ, வெள்ளை ஈ, காவுற நோய். வெக்கையும் வறட்சியுமான நாளிலை வெண்ணீ கூட, நோயும் கூட. முதல் ஒண்டு இரண்டு கண்டு மஞ்சளாகேக்கையே பிடுங்கி அங்காலை கொண்டுபோய்ப் புதையுங்கோ. இளகின மனம் வேண்டாம்.

2023 ஒக்ரோபர் 2

கனடாவிலையிருந்து ஒரு அண்ணை நீட்டா எழுதியிருக்கிறார், உலகத்திலை மற்ற இடங்களிலை மலைப்பாங்கான ஊர்களிலை இதை எப்பிடிச் செய்யினம், எங்களுக்கு அது பொருந்துமோ எண்டு. யாழ்ப்பாணத்திலை மலை எண்டால் கீரிமலைதான், அதுவும் கடற்கரை. எண்டாலும் கேள்வி நல்ல கேள்வி, ஏனெண்டால் சின்னக் கமக்காரன் எங்கையும் ஒண்டுதான்.

ருவாண்டாவை எடுங்கோ. மலைச்சரிவு, துண்டு துண்டாய்க் காணி, சனம் கூட. எண்பதுகளிலையிருந்து அங்கை கொடிப்போஞ்சி பரவினது. செடிப்போஞ்சியிலும் பாக்க இரண்டு மூண்டு மடங்கு விளையும். காணி குறைஞ்சவனுக்கு மேலை ஏறுற பயிர் வரப்பிரசாதம். ஆனால் அதுக்குக் கம்பு வேணும். ஏக்கருக்கு ஆயிரக்கணக்கிலை கம்பு. காடு ஏற்கெனவே வெட்டி முடிஞ்ச நாட்டிலை கம்புக்கு எங்கை போறது? விதை நல்லாயிருந்தும் கம்பு இல்லாதவன் பின்னுக்கு நிண்டான். பயத்தங்காய்க்குப் பந்தல் போட்டவைக்கு இது விளங்கும். புது இனத்தைக் குடுக்கேக்கை அதுக்குப் பின்னாலை என்ன செலவு வரும் எண்டும் சேர்த்துக் கேக்கவேணும்.

எதியோப்பியாவிலை தெஃப் எண்டு ஒரு தானியம், கடுகிலும் சின்னன், அவையின்ரை இஞ்செரா ரொட்டிக்கு அதுதான் மா. குஞ்சோ எண்ட இனம் 2006 இலை வெளிவந்து நல்லாய்ப் பரவினது. விளைச்சல் ஒரு காரணம். மற்றது, மணி வெள்ளை. சந்தையிலை வெள்ளைத் தெஃபுக்குத்தான் விலை. அதுக்கு முந்தியும் விளைச்சல் கூடின இனம் இருந்தது, நிறம் எடுபடேல்லை.

மாலாவியிலை தொண்ணூறுகளிலை தாய்–சேய்ப் பரிசோதனை எண்டு ஒரு முறை துவங்கினவை. ஊருக்கு நடுவிலை ஒரு தாய்த் துண்டம், எல்லா இனமும் அதிலை நிக்கும். சுத்தவர உள்ள வீடுகளிலை சேய்த் துண்டம், ஒவ்வொருத்தரும் அதிலை இரண்டு மூண்டை மட்டும் எடுத்துத் தங்கட மண்ணிலை தங்கட பாட்டிலை போட்டுப் பாப்பினம். எது நல்லதெண்டு சொல்லுறது அவை. கிழக்காபிரிக்காவிலை போஞ்சி விதையைச் சின்னச் சின்னப் பக்கற்றிலை சந்தையிலை வித்தவை. கிலோ வாங்க வசதியில்லாதவையும் அந்தச் சின்னப் பக்கற்றைக் காசு குடுத்து வாங்கினவை. காசு குடுத்து வாங்கினதை ஆரும் தோசைக்கு ஊறப்போடாயினம்.

2023 ஒக்ரோபர் 5

தம்பி கேக்கிறார், "அப்ப நான் என்ன செய்யிறது? திட்டத்திலை கால் ஏக்கருக்கெண்டு எழுதிக் கிடக்கு."

எழுதிக் கிடக்கிறதை மேலிடத்திலை கதைச்சு மாத்தப் பாரும். ஏலாட்டி, அதே அளவு விதையை இரண்டு இனத்திலை எடுத்து, ஆளுக்கு ஒவ்வொரு இனத்திலையும் ஒரு சின்னப் பக்கற் குடும். மூண்டாவது துண்டிலை அவையின்ரை சொந்த விதை. பக்கத்திலை பக்கத்திலை போடச் சொல்லும். பெயர்ப்பலகை வேண்டாம், பலகையிலை திட்டத்தின்ரை பேர்தான் பெரிசாய் இருக்கும். அறுவடை நாளிலை பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, அந்த அந்தத் துண்டை அந்த அந்தச் சாக்கிலை அடிச்சு நிறுத்துக் காட்டும். நிறுக்கிறதை நீர் செய்யாதையும், வீட்டுக்காரி செய்யட்டும்.

இன்னொண்டு. வலிகாமத்துச் செம்மண்ணிலை வெங்காயத்துக்குப் பிறகு பயறு போடுறவைக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். வெங்காயத்துக்குப் போட்ட யூரியா மண்ணிலை மிச்சம் கிடக்கும். பயறு பச்சைப் பசேலெண்டு இடுப்பளவுக்கு எழும்பும், நெத்து இருக்காது. அதையும் இனத்தின்ரை தலையிலைதான் போடுவினம். பயறுக்கு மேலதிகமாய் ஒரு சிறங்கை யூரியாவும் வேண்டாம்.

2023 நவம்பர் 19

மழை. தோட்டத்துக்குள்ளை கால் வைக்கேலாது. ஒருத்தரும் இஞ்சை எழுதேல்லை, எல்லாரும் வாய்க்கால் வெட்டப் போயிட்டினம் போலை.

2024 ஜனவரி 21

தம்பி படம் போட்டிருக்கிறார், குரக்கன் துண்டங்கள். இரண்டு இனமும் ஊர்க் குரக்கனும். வலு சந்தோசம்.

படத்தை வடிவாய்ப் பாருங்கோ. இடப்பக்கம் நிக்கிறதின்ரை கதிர் பொத்தின கை மாதிரி உள்ளுக்கு மடிஞ்சு கிடக்கு. வலப்பக்கத்துக் கதிர் விரல் விரிச்ச மாதிரி. கண்காட்சியிலை எண்டால் மடிஞ்ச கதிர்தான் கண்ணைப் பறிக்கும், மணி நெருக்கமாய்க் கொழுத்து நிக்கும். ஆனால் தையிலை ஒரு பிந்தின மழை பெய்தால் மடிஞ்ச கதிருக்குள்ளை தண்ணி நிண்டு பூஞ்சணம் பிடிக்கும். விரிஞ்சதிலை வழிஞ்சு காய்ஞ்சிடும். உங்கட துண்டத்துக்காரி விரிஞ்சதிலை விதைக் கதிர் கட்டி வைச்சிருக்கிறா எண்டு எழுதியிருக்கிறீர். அவ நிறுக்க முன்னமே முடிவெடுத்திட்டா.

மாவையும் விடாதையும். இரண்டிலையும் அரைக் கிலோ திரிச்சு ஒரே நாளிலை பிட்டு அவிச்சுக் குடும். நிறம், உதிர்வு, பின்னேரம் வரைக்கும் மெதுமை நிக்குதோ எண்டு அவை சொல்லுவினம். கௌப்பியிலையும் இப்பிடித்தான், சிவப்பு வருணியை விரும்பிறவை வெள்ளைத் தவலவைச் சும்மா குடுத்தாலும் அவிக்காயினம், சில ஊரிலை மறுவளம். ஒரு இனம் ஊரிலை நிக்கிறதோ இல்லையோ எண்டது அரைவாசி அடுப்படியிலை முடிவாகுது.

2024 பெப்ரவரி 18

விதைக் கடன் திட்டம் துவங்கப் போறம் எண்டு தம்பி சொல்லுறார், ஒரு கிலோ எடுத்தால் அறுத்தவுடனை இரண்டு கிலோ திருப்பித் தரவேணும். கேக்க நல்லாய்த்தான் இருக்கு. நான் இதுக்குள்ளை இருந்தவன், அதாலை சொல்லுறன்: திருப்பித் தாற இரண்டு கிலோ அந்த வீட்டிலை இருக்கிறதிலை ஆகத் திறமில்லாத இரண்டு கிலோ. நல்லதை வித்து, நடுத்தரத்தை அவிச்சு, சூம்பினதும் கலவனும் விதைக் கடன் தந்த சங்கத்துக்கு. இரண்டு போகத்திலை சங்க ஸ்ரோரிலை கிடந்தது விதையில்லை, கோழித்தீன். ஆரையும் குறை சொல்லேலாது, கடனைத் திறமான சாமானிலை கட்டுற வழக்கம் எந்த ஊரிலையும் இல்லை.

அதுக்குப் பதிலாய் ஊருக்கு இரண்டு மூண்டு விதைக்காரியைப் பிடியுங்கோ. ஆர் எண்டு ஊருக்கே தெரியும், "அவவின்ரை விதை முளைக்கும்" எண்டு எல்லாரும் சொல்லுற ஒருத்தி எந்தக் குறிச்சியிலையும் இருப்பா. பூக்கிற நேரம் அவவின்ரை துண்டத்துக்குள்ளை இறங்கி, இலையும் பூவும் வேறையாய் நிக்கிற கலவனைப் பிடுங்கவேணும். விதைக்கு முதல் முறிப்பிலை வாற கொழுத்த நெத்தை ஒதுக்கவேணும், மழை பட்ட கடைசி நெத்தை இல்லை. அதைச் சந்தை விலைக்கு மேலை குடுத்து வாங்கவேணும். சும்மா கேக்கக்குடாது. மினக்கெட்டுக் காயவைச்சுப் புடைச்சு ஒன்பது மாதம் பாதுகாக்கிறவவுக்குச் சான்றிதழ் குடுத்துப் பிரயோசனமில்லை, காசைக் குடுங்கோ. மூண்டு நாலு போகத்துக்கு ஒருக்கால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலையோ கிளிநொச்சியிலையோ விவசாயத் திணைக்களத்திலை கேட்டு, அவைக்கு மட்டும் புது அத்தாட்சி விதை எடுத்துக் குடுத்தால் காணும். லொறி வேண்டாம், மோட்டர் சைக்கிள் போதும்.

இதுக்குச் சட்டம் இடம் குடுக்குமோ எண்டு ஒருத்தர் கேட்டிருந்தார். 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. வெளியூருக்குப் பெரிய அளவிலை, விதையெண்டு பேர் போட்டு விக்க வெளிக்கிட முன்னம் உங்கட விவசாயப் போதனாசிரியரோடை கதைச்சுச் செய்யுங்கோ, அதுதான் பின்னுக்குத் தலையிடி இல்லாத வழி.

2024 மார்ச் 10

தம்பியின்ரை கணக்கு வந்திருக்கு. பக்கற் வாங்கினவையிலை பாதிக்கு மேலை இந்தமுறை விதை எடுத்து வைச்சிருக்கினமாம், போத்தல் போத்தலாய். ஐப்பசிக்கு அந்தப் போத்தலைத் திறந்து நூறு விதை எண்ணும் வரைக்கும் நான் கை தட்டமாட்டன்.

இடைப்போகப் பயறு முளைக்கேக்கை மயில் வந்து வரிசை வரிசையாய்க் கிண்டுதெண்டு நெடுங்கேணி அண்ணை எழுதியிருக்கிறார். அண்ணை, எம்.ஐ. எண்டாலும் நாட்டுப் பயறெண்டாலும் மயிலுக்குப் பேதமில்லை. முருகன்ரை வாகனம் எண்டு ஒருத்தரும் கல்லெடுக்காயினம். நான் செய்யிறது, பாத்திக்கு மேலாலை முழங்கால் உயரத்திலை குறுக்கும் நெடுக்குமாய்ப் பழைய கசெற் ரேப்பை இழுத்துக் கட்டிவிடுறது. காத்துக்கு இரையும், வெயிலுக்கு மினுங்கும், ஒரு கிழமைக்கு மயில் கிட்ட வராது. அந்த ஒரு கிழமைக்குள்ளை பயறு இரண்டு இலை விட்டிடும். பிறகு ரேப்பை அவிட்டுச் சுத்தி வையுங்கோ, இப்ப கசெற் கிடைக்கிறது விதை கிடைக்கிறதிலும் கஷ்டம்.